தற்காப்புக் கைத்துப்பாக்கிக்கு எவ்வளவு துல்லியம் போதும்? அளந்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கைத்துப்பாக்கி வாங்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது எவ்வளவு துல்லியமாகச் சுடும்?" என்பதைத்தான். விற்பவரும் சளைக்காமல் ஒரு தாளை எடுத்து நீட்டுவார். அதில் மூன்று ஓட்டைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும். எத்தனை மீட்டரிலிருந்து சுட்டது, கையில் பிடித்துச் சுட்டதா, மேசையில் தாங்கிச் சுட்டதா, எந்தத் தோட்டா, இதற்கு முன் எத்தனை தாள்கள் குப்பைக்குப் போயின என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. அந்தத் தாளை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசைமேல் தாங்கிவைத்து 25 மீட்டரிலிருந்து சுடும்போது பத்துக் குண்டுகளும் 10 செ.மீ. அகலத்துக்குள் விழுந்தால், தற்காப்புக்கு அந்தத் துப்பாக்கியின் துல்லியம் போதும். இன்று நல்ல பெயருள்ள எந்தத் தொழிற்சாலையிலிருந்து வரும் பிஸ்டலும் ஏறத்தாழ இதைச் செய்துவிடும். அதற்கு மேல் துப்பாக்கியில் கூட்டும் துல்லியம் சுடுபவரின் கையில் ஏன் கரைந்துபோகிறது, உங்கள் துப்பாக்கியையும் உங்களையும் தனித்தனியே அளப்பது எப்படி என்பதுதான் இனி வருவது.

உரிமம், எடுத்துச் செல்லும் விதிகள், தற்காப்புக்குச் சட்டம் வகுத்த எல்லை ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கியோடு, அனுமதி பெற்ற சுடுதளத்தில், அங்குள்ள அதிகாரியின் கண்காணிப்பில் செய்ய வேண்டியவை.

படி 1: தேவை எவ்வளவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

துல்லியம் என்பதை இலக்கின் அளவையும் தூரத்தையும் சேர்த்துத்தான் பேச முடியும். பயிற்சியாளர்கள் வழக்கமாக இரண்டு அளவுகளை வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, மேல்மார்பின் அளவான 20 செ.மீ. வட்டம். மற்றொன்று, ஆள் ஒரு மறைவிலிருந்து பாதி தெரியும்போதோ, இடையில் வேறு மனிதர்கள் இருக்கும்போதோ மிஞ்சும் 10 செ.மீ. அளவு இடம். தூரம் பெரும்பாலும் ஓர் அறையின் நீளத்துக்குள் அடங்கிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் விதிவிலக்குகளும் உண்டு.

2019 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வொயிட் செட்டில்மென்ட் என்ற ஊரின் தேவாலயத்தில் துப்பாக்கியால் சுடத் தொடங்கியவரைத் தன்னார்வப் பாதுகாவலர் ஒருவர் ஒரே குண்டில் நிறுத்தினார். தூரம் ஏறத்தாழ 15 கெஜம், அதாவது 14 மீட்டருக்குப் பக்கம். ஆட்கள் எழுந்து ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது தலை மட்டுமே. 2022 ஜூலை 17 அன்று இந்தியானா மாநிலத்தின் கிரீன்வுட் நகர வணிக வளாகத்தில் மக்களைச் சுடத் தொடங்கிய ஒருவரை, அங்கிருந்த 22 வயது இளைஞர் சுமார் 40 கெஜத்திலிருந்து திருப்பிச் சுட்டார். கம்பம் ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டு அந்த இளைஞர் சுட்ட பத்துக் குண்டுகளில் எட்டு இலக்கில் பட்டன. 40 கெஜம் என்றால் கிட்டத்தட்ட 37 மீட்டர்.

25 மீட்டரில் 10 செ.மீ. என்ற என் அளவுகோலை இந்தத் தூரங்களில் வைத்துப் பாருங்கள். 14 மீட்டரில் அதே துப்பாக்கியின் சிதறல் 5.6 செ.மீ. ஆகிறது, 37 மீட்டரில் 14.8 செ.மீ. முதலாவது தலையளவு இலக்குக்குள் தாராளமாக அடங்கும். இரண்டாவது 20 செ.மீ. வட்டத்துக்குள் அடங்கும். அரிதான நிகழ்வுகளுக்கும்கூட ஒரு சாதாரணத் துப்பாக்கி போதுமானதாக இருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு அருகே இரண்டு காவலர்கள் மிக நெருக்கத்திலிருந்து 16 குண்டுகள் சுட்டார்கள். வழியில் சென்றவர்கள் ஒன்பது பேர் அந்தக் குண்டுகளாலும் தெறித்த துண்டுகளாலும் காயமடைந்தார்கள். அதே நகரக் காவல்துறைக்காக ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறிக்கை 1998 முதல் 2006 வரையிலான நிகழ்வுகளை எடுத்துக்கொண்டது. எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்களின் குண்டு இலக்கில் பட்ட விகிதம் சராசரியாக 18 சதவீதம். எதிரிலிருந்து குண்டு வராத நிகழ்வுகளிலும் அது 30 சதவீதம்தான். அவர்கள் இடுப்பில் இருந்தவை மோசமான துப்பாக்கிகளா? பெரும்பாலும், மேசையில் வைத்துச் சுட்டால் நான் மேலே சொன்ன அளவுகோலை எளிதில் எட்டும் 9 மி.மீ. பிஸ்டல்கள்தான்.

படி 2: சிதறலைக் கோணமாகப் பாருங்கள்

ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் தாளில் பரவி விழும் பகுதியைச் சுடுபவர்கள் குரூப் என்பார்கள். மிகத் தொலைவாக விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளப்பது வழக்கம். தூரம் இரண்டு மடங்கானால் குரூப்பும் இரண்டு மடங்காகும். ஆகவே 25 மீட்டர் தளம் கிடைக்காதவர்கள் 15 மீட்டரில் சுட்டு, 6 செ.மீ. என்ற அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். 10 மீட்டரில் அது 4 செ.மீ.

ஏழு மீட்டரில் மட்டும் சுட்டுவிட்டுத் துப்பாக்கியின் துல்லியத்தைப் பற்றிப் பேசுபவர்களின் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. அங்கே நல்ல துப்பாக்கிக்கும் சுமாரான துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குண்டின் விட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

படி 3: துப்பாக்கியை மட்டும் தனியே சோதியுங்கள்

இந்தச் சோதனையில் உங்கள் கையின் பங்கை முடிந்தவரை நீக்க வேண்டும். ரேன்சம் ரெஸ்ட் போன்ற இயந்திரப் பிடிப்பான் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மேசையும் மணல் மூட்டையும் போதும். உட்கார்ந்து, மணிக்கட்டையும் துப்பாக்கியின் கீழ்ச்சட்டத்தையும் மூட்டையில் ஊன்றுங்கள். ஸ்லைடும் (பிஸ்டலின் மேல்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் பாகம்) குழலும் எதிலும் படக் கூடாது. பட்டால் குண்டு விழும் இடமே மாறும், பிஸ்டல் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

இலக்குத் தாளில் ஒரு கறுப்பு வட்டம் வேண்டும். 3.2 மி.மீ. அகலமுள்ள முன்குறி (குறிபார்ப்பதற்குத் துப்பாக்கியின் முனையருகே உள்ள முளை), நீட்டிய கையின் முனையில் கண்ணிலிருந்து 65 செ.மீ. தள்ளி இருக்கும்போது, 25 மீட்டரில் 12 செ.மீ. அகலத்தை மறைத்துவிடுகிறது. ஆகவே சின்னப் புள்ளி ஒன்றை ஒட்டிவைத்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. 12 முதல் 15 செ.மீ. வட்டத்தை வைத்து, அதன் அடிவிளிம்பிலோ நடுவிலோ ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குறிவையுங்கள்.

பத்துக் குண்டுகள் சுடுங்கள். மூன்று போதாது. ஓட்டைகள் தற்செயலாகச் சிதறுவதால், குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட குரூப் விரிந்துகொண்டே போகும். அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே கை என்றாலும் பத்துக் குண்டுக் குரூப் சராசரியாக மூன்று குண்டுக் குரூப்பைப்போல 1.6 மடங்கு பெரியதாக இருக்கும். ஐந்து குண்டுக் குரூப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 1.25 மடங்கு. மூன்று குண்டில் 6 செ.மீ. காட்டிய தாள், பத்துக் குண்டில் 9.5 செ.மீ. ஆகிவிடுவதில் ஏமாற்று எதுவும் இல்லை, கணக்குதான் அப்படி. ஒரு குண்டு தனியே விலகிப் போனால், "அது என் கையால் போனது" என்று தள்ளிவிடாதீர்கள். விசையை இழுக்கும்போதே தவறு தெரிந்திருந்தால் மட்டும் விலக்கலாம். தாளைப் பார்த்த பிறகு காரணம் தேடுவது செல்லாது.

இதையே குறைந்தது மூன்று வகைத் தோட்டாக்களில் செய்யுங்கள். ஒரு பிஸ்டலுக்குப் பிடித்த தோட்டா மற்றொன்றுக்குப் பிடிக்காது. 9 மி.மீ. தோட்டாக்களில் 115, 124, 147 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) எடைகள் பரவலாகக் கிடைக்கின்றன. மூன்றையும் பார்த்துவிடலாம். தற்காப்புக்கென்று வைத்திருக்கப்போகும் தோட்டா அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். பயிற்சித் தோட்டாவில் எடுத்த மதிப்பெண்ணை அதற்குக் கொடுத்துவிட முடியாது.

படி 4: குண்டு எங்கே விழுகிறது?

குரூப் சிறியதாக இருப்பது ஒன்று. குறிவைத்த இடத்தில் விழுவது மற்றொன்று. தற்காப்புத் துப்பாக்கிக்கு இரண்டாவதே முக்கியம் என்பேன். 5 செ.மீ. குரூப் 12 செ.மீ. இடப்பக்கம் விழுந்தால், 20 செ.மீ. வட்டத்தின் விளிம்பைத் தாண்டிவிடும். 10 செ.மீ. குரூப் நடுவில் விழுந்தால் எல்லாமே உள்ளே.

மேசையில் சுட்ட தாளில் குரூப்பின் மையத்தைக் கண்டுபிடித்து, குறிவைத்த இடத்திலிருந்து எவ்வளவு விலகல் என்று அளங்கள். அதை முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், குறியில் செய்ய வேண்டிய திருத்தம் கிடைக்கும். 25 மீட்டரில் 6 செ.மீ. கீழே விழுகிறது, குறிகளின் இடைவெளி 16.5 செ.மீ. என்றால் திருத்தம் 0.4 மி.மீ. குண்டு மேலே ஏற வேண்டுமானால் முன்குறியின் உயரத்தை அந்த அளவு குறைக்க வேண்டும், அல்லது பின்குறியை உயர்த்த வேண்டும். இடவலத் திருத்தத்தில், குண்டு எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்துங்கள்.

எடை கூடிய குண்டு பொதுவாகச் சற்று மேலே விழும். அது மெதுவாகப் போவதால் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது. அதற்குள் பின்னுதைப்பு குழலின் முனையை உயர்த்திவிடுகிறது. தோட்டா வகையை மாற்றினால் இந்தப் படியைத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

நின்று சுட்ட தாளை வைத்துக்கொண்டு குறியைத் திருத்தக் கிளம்பாதீர்கள். வலக்கைக்காரரின் குண்டுகள் தொடர்ந்து இடப்பக்கம் கீழே விழுந்தால், பத்தில் ஒன்பது முறை அது விசையை வெடுக்கென்று இழுப்பதன் அடையாளம்.

படி 5: இப்போது உங்களை அளங்கள்

சுடுதளத்துக்குப் போனதும், கை பழகும் முன், முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும். ஐம்பது தோட்டா சுட்டுக் கை சூடான பிறகு எடுக்கும் அளவு உங்களைப் பற்றி இனிமையான பொய் சொல்லும்.

நின்றபடி, இரண்டு கையாலும் பிடித்து, 7 மீட்டரில் பத்து, 15 மீட்டரில் பத்து, 25 மீட்டரில் பத்து என்று அவசரமில்லாமல் சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தாள். பிறகு, சுடும் நேரத்தை அளக்கும் ஷாட் டைமரை வைத்து, துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்து தொடங்கி 7 மீட்டரில் ஐந்தைந்தாக இரண்டு முறை, உங்களால் முடிந்த வேகத்தில். நேரத்தையும் தாளிலேயே எழுதுங்கள். 7 மீட்டரில் நிதானமாகச் சுட்டபோது கிடைத்த குரூப்புக்கும் அவசரமாகச் சுட்டபோது கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம் பலரை வாயடைக்க வைக்கும்.

படி 6: இரண்டையும் கூட்டிப் பாருங்கள்

துப்பாக்கியின் சிதறலும் கையின் சிதறலும் நேரடியாகக் கூடுவதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிழைகள் என்பதால், இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டவர்கள் விலை உயர்ந்த குழல்களைத் தேடி அலைவதை நிறுத்திவிடுவார்கள்.

முதலில் உங்கள் பங்கைப் பிரித்தெடுங்கள். 15 மீட்டரில் நின்று சுட்டது 16 செ.மீ., மேசையில் துப்பாக்கி தந்தது 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 256இலிருந்து 36ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 14.8. அதாவது துப்பாக்கியின் சிதறலை முழுவதுமாக அழித்து, வானுலகத்துத் துப்பாக்கி ஒன்றையே உங்கள் கையில் கொடுத்தாலும் குரூப் 16இலிருந்து 14.8க்குத்தான் இறங்கும்.

அவசரச் சூழலில் இன்னும் மோசம். 7 மீட்டரில் கையின் பங்கு 18 செ.மீ. என்போம். 25 மீட்டரில் 10 செ.மீ. சுடும் துப்பாக்கியின் பங்கு அங்கே 2.8 செ.மீ.; மொத்தம் 18.2. அதைவிட இரு மடங்கு துல்லியமான துப்பாக்கியை வாங்கினால் மொத்தம் 18.05. மிச்சம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்! செலவு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

கையின் பக்கம் திருப்புங்கள். 25 மீட்டரில் துப்பாக்கி 8 செ.மீ., கை 20 செ.மீ. என்றால் மொத்தம் 21.5. துப்பாக்கியை 4 செ.மீ. ஆக்கினால் 20.4. துப்பாக்கியைத் தொடாமல் கையை 15 ஆகக் குறைத்தால் 17. பெரிய பிழையைக் குறைத்தால்தான் மொத்தம் குறையும். அந்தப் பெரிய பிழை அநேகமாக எல்லோருக்கும் கைதான். உலகத்தரப் போட்டியாளர் ஒருவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அவருடைய கையின் பங்கு துப்பாக்கியின் பங்குக்குச் சமமாக இறங்கியிருக்கும், அவர் நல்ல குழல் வாங்குவதில் பொருள் இருக்கிறது.

படி 7: கையின் பிழை எங்கிருந்து வருகிறது?

இரண்டு குறிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க, நீட்டிய கைகள் மொத்தமாக அசைந்தால், 65 செ.மீ. தள்ளியுள்ள முன்குறி 1 மி.மீ. நகர்வது 7 மீட்டரில் 1.1 செ.மீ. பிழையாகிறது. ஆனால் மணிக்கட்டு திரும்பி, பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி 1 மி.மீ. விலகினால், குறிகளின் இடைவெளி 15 செ.மீ. உள்ள பிஸ்டலில் அது 7 மீட்டரில் 4.7 செ.மீ., 25 மீட்டரில் 16.7 செ.மீ. அதே ஒரு மில்லிமீட்டர், நான்கு மடங்குக்கும் மேல் தண்டனை. கை நடுங்குகிறதே என்று கவலைப்படுவோர் தவறான இடத்தில் கவலைப்படுகிறார்கள். நடுக்கம் மன்னிக்கப்படும், மணிக்கட்டின் திருப்பம் மன்னிக்கப்படாது.

அந்தத் திருப்பத்தை உண்டாக்குவது விசைதான். தோட்டா நிரப்பிய நடுத்தர பிளாஸ்டிக் பிஸ்டல் ஒன்றின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதன் விசையை இழுக்கத் தேவைப்படும் பளுவோ இரண்டரை கிலோவுக்குப் பக்கம். சுத்தியலையும் சேர்த்து இழுக்கும் ரிவால்வரில் அது நான்கரை, ஐந்து கிலோவைத் தொடும். 2012இல் நியூயார்க்கில் சுட்ட அந்தக் காவலர்கள் வைத்திருந்த பிஸ்டல்களில் விசையை வேண்டுமென்றே 12 பவுண்டுக்கு, அதாவது ஐந்தரை கிலோவுக்கு அருகே, கடினமாக்கி வைத்திருந்தார்கள். தன்னைவிடப் பல மடங்கு பளுவால் இழுக்கப்படும் பொருள் அசையாமல் இருக்க வேண்டுமானால், விரல் நேர்பின்னாக மட்டுமே வர வேண்டும். குழலின் துல்லியத்துக்குச் செலவிடும் பணத்தைத் தெளிவான குறிகளுக்கும், கைக்கு அடங்கும் பிடிக்கும், நல்ல விசைக்கும் செலவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்.

இதைச் சரிசெய்யத் தோட்டாவே வேண்டாம். வெறும் துப்பாக்கியில் விசை இழுக்கும் பயிற்சி போதும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். துப்பாக்கியின் தோட்டா அறையும் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதிசெய்யுங்கள். குண்டைத் தாங்கக்கூடிய சுவரின் பக்கம் மட்டும் நீட்டுங்கள். குறிகளைப் பார்த்தபடி மெதுவாக விசையை இழுங்கள். 'டக்' என்ற ஒலி வரும் நொடியில் முன்குறி துள்ளக் கூடாது. .22 ரக துப்பாக்கிகள் சிலவற்றில் வெறுமனே விசையை இழுத்தால் உட்பாகம் சேதமாகும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுடுதளத்தில், நண்பர் ஒருவரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கிடையே டம்மித் தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் கலக்கச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவின்போது துப்பாக்கியின் முனை கீழே குத்தினால், நோய் எது என்று தெரிந்துவிடும்.

படி 8: உங்கள் எல்லையைக் குறித்துவையுங்கள்

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கான கைத்துப்பாக்கித் தேர்வில் 3 முதல் 25 கெஜம் வரை 50 குண்டுகள் சுட வேண்டும். 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தேர்வுக்கு அது சரி. மீதி 20 சதவீதம் தாளைவிட்டு வெளியே எங்கே போகிறது என்ற கேள்வி தெருவில்தான் எழும். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் கடைசியானது, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள் என்பது. அதனால் என் அளவுகோல் கறாரானது. கை பழகும் முன், நேரக்கணக்கோடு சுட்ட பத்துக் குண்டுகளும் 20 செ.மீ. வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. ஒன்று வெளியே போனாலும் ஒரு மீட்டர் முன்னால் வந்து மீண்டும் சுடுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். ரெட் டாட் (ஒளிப்புள்ளியால் குறிகாட்டும் கருவி) பொருத்தியவர்களுக்கும் இதே விதிதான். 25 மீட்டரில் 6 எம்.ஓ.ஏ. (ஒரு பாகைக் கோணத்தில் அறுபதில் ஒரு பங்கு ஓர் எம்.ஓ.ஏ.) புள்ளி வெறும் 4.4 செ.மீ. மறைப்பதால் குறிவைப்பது எளிதாகும், விசையை வெடுக்கென்று இழுக்கும் விரல் அப்படியேதான் இருக்கும்.

படி 9: துப்பாக்கியைக் குறைசொல்ல வேண்டிய நேரம்

மூன்று வகைத் தோட்டாவிலும் மேசைக் குரூப் 25 மீட்டரில் 15 செ.மீ.க்கு மேல் போனால், வேறொரு நல்ல சுடுநரையும் அதே மேசையில் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் அதே அளவு வந்தால் குற்றம் துப்பாக்கியில்தான். முதலில் குறிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். பிறகு குழலின் முனையில் அடிபட்ட தடம். பிஸ்டலில், ஒவ்வொரு முறை மூடும்போதும் குழல் ஸ்லைடுக்குள் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். குறிகள் ஸ்லைடில் இருப்பதால், குழல் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தால் சிதறல் கூடும். ரிவால்வரில் சிலிண்டரின் ஒவ்வொரு அறையும் குழலோடு நேராகப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. ஒரே ஓர் அறையின் குண்டு மட்டும் விலகிப் போகிறதா என்று அறைகளுக்கு எண் கொடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். இவற்றைத் தேர்ந்த துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

அவர் பாகங்களை இறுக்கமாகப் பொருத்தித் துல்லியத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். மிக இறுக்கமாகப் பொருத்திய போட்டிப் பிஸ்டல்கள் அழுக்குக்கும் தோட்டா வகைக்கும் அதிகம் முரண்டு பிடிக்கும். தற்காப்புக்கு வைத்திருக்கும் தோட்டாவும் பயிற்சித் தோட்டாவும் சேர்த்து 200 சுட்டு, ஒருமுறைகூடச் சிக்காமல் ஓடினால்தான் அந்தத் துப்பாக்கியை நம்புவது என்று பலர் வைத்திருக்கும் வழக்கம் நல்ல வழக்கம். எந்தப் பாகத்தை மாற்றினாலும் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். படி 3இன் பத்துக் குண்டுகளையும் மீண்டும் சுட்டு, தாளில் தேதியையும் தோட்டா வகையையும் எழுதிப் பழைய தாளின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.